துண்டை இறக்கிய கை

“கைநாட்டு வூட்டுப் பொண்ணு கேசு நடத்தப் போவுதாம்ய்யா. மொதல்ல அந்தப் பேப்பர்ல என்னா இருக்குன்னு ஒழுங்காப் படிச்சுச் சொல்லட்டும். அப்பறம் பாப்பம், கோர்ட்டு கச்சேரியெல்லாம்.”

அரிசி மில்லின் கணக்கப்பிள்ளை கண்ணை என் மேல் வைத்துக்கொண்டு, பேச்சை மட்டும் எடை போடுகிறவரிடம் போட்டார். எடை போடுகிறவர் சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை. மூட்டையைப் புரட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்.

நான் படித்தேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். வேலை நேரத்தில், மில்லின் பெல்ட்டில் சிக்கி, வலது கையை முழங்கைக்கு மேல் இழந்த தொழிலாளிக்குச் சட்டப்படி நஷ்டஈடு தரவேண்டும் என்று கேட்கும் நோட்டீஸ் அது. ஒரு பக்கம்தான். நான் எழுதியது. அடியில் அப்பாவின் இடது கட்டைவிரல் ரேகை. இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால் கடைசி வரிகளைக் கத்தித்தான் படிக்க வேண்டியிருந்தது. கணக்கப்பிள்ளை காகிதத்தை வாங்கி மேசை மேலிருந்த எடைக்கல்லுக்கு அடியில் வைத்தார்.

“படிச்சுட்டே. சரி. ஒங்கப்பன் ஒத்துக்கிட்டானா இதுக்கு?”

“ரேகை இருக்குல்ல.”

“ரேகைய நீ கையப் புடிச்சு வச்சிருப்பே. மனசு வச்சானான்னு கேட்டேன்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்கு அது தெரிந்துதான் கேட்டார்.

எங்கள் வீட்டுக்குள் எழுத்து என்னோடுதான் நுழைந்தது. வரிச்சிக்குடியில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள விரும்பியதும் இல்லை. எழுபதுகளின் கடைசியில் தினமும் காரைக்காலுக்குப் பஸ் ஏறிப் போய் பி.ஏ. படித்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டிய தெரு ஒன்று அப்போதும் எங்கள் பக்கம் இருந்தது. நான் காலில் போட்டுக்கொண்டேதான் நடந்தேன். அப்பா அந்த நேரங்களில் எனக்கு நாலடி தள்ளி, யாரோ போல வருவார். அம்மா சொல்வாள்: “இவ காலுதான் காலேஜுல படிக்குது. தல என்னா பண்ணுதுன்னு தெரியல.”

அப்பாவும் அம்மாவும் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். அம்மா வெளியே களத்தில், அவித்த நெல்லை வெயிலில் காலால் துழாவிக் காயவைக்கும் பெண்களில் ஒருத்தி. அப்பாவுக்கு உள்ளே, பெல்ட் அறையில். அந்த மில்லில் ஒரே ஒரு பெரிய மோட்டார். அதன் விசையில் கூரைக்குக் கீழே நீளமான இரும்புத் தண்டு சுழலும். தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பெல்ட் இறங்கும். பெல்ட் வழுக்கினால் அப்பா குங்கிலியத் தூளை அள்ளி அதன் மேல் தூவுவார், பிடித்துக்கொள்ளும். கழன்று விழுந்தால் எடுத்து மாட்டுவார். நாள் முழுக்க, ஓடுகிற பெல்ட்டுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிற வேலை.

அந்த அறையின் வாசலுக்கு மேலே ஒரு தகரப் பலகை உண்டு. ‘ஓடும் இயந்திரத்தின் அருகே தொங்கும் துணியுடன் நிற்கக் கூடாது.’ இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாள் அண்ணாந்து பார்த்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். உள்ளே வேலை செய்தவர்கள் எல்லோரும் வருடக்கணக்காக அதற்குக் கீழேதான் நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பாதிப் பேருக்குத் தெரிந்தது. அப்பா தவிடு படிந்த கையால் என் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தில் ஒட்டிய தவிட்டை வீடு வரை துடைக்காமல் வந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெல்ட் அறைக்குள் போனதில்லை. தலையில் இறுக்கிக் கட்டி, முனையை உள்ளே செருகிக்கொள்வார். யாராவது தொங்கவிட்டுக்கொண்டு வந்தால், “எம் பொண்ணு படிச்ச சட்டம் தெரியுமுல்ல? கட்டு, கட்டு” என்பார்.

ஆனால் பலகையில் எழுதாத இன்னொரு சட்டமும் அங்கே இருந்தது. முதலாளி வந்தால் தலைத்துண்டு இறங்க வேண்டும். வலது கை மேலே போய் அதை உருவும். துண்டு இடது கக்கத்துக்குள் போகும். உடம்பு கொஞ்சம் வளையும். இதை யாரும் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததாக அவருக்கு நினைவில்லை. நடக்கக் கற்றுக்கொண்டது யாருக்காவது நினைவிருக்கிறதா?

கல்லூரியில் கடைசி வருடம், பொங்கல் கழிந்து புது நெல் மில்லுக்கு வந்துகொண்டிருந்த சமயம். வகுப்பு நடக்கும்போது கல்லூரி ஊழியர் வந்து என்னை வெளியே கூப்பிட்டார். “ஒங்கப்பாவ பெரியாஸ்பத்திரியில வச்சிருக்காங்களாம். போம்மா” என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது கையில் மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அம்மா வார்டுக்கு வெளியே, காலில் ஒட்டிய நெல்லோடு நின்றாள்.

துண்டு பெல்ட்டில் சிக்கியது, பெல்ட் துண்டோடு கையையும் இழுத்துக்கொண்டது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். தலையில் இறுக்கிக் கட்டுகிற ஆள், மற்றவர்களையும் கட்டச் சொல்கிற ஆள், அன்றைக்கு மட்டும் அவர் துண்டு எப்படிக் கையில் தொங்கியது? அப்பாவிடம் கேட்டால், “என் நேரம்” என்பார். வேறு பதில் வரவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்பாவுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா அவர் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். வார்டு வாசலில் முதலாளி தெரிந்ததும் கட்டிலில் அப்பாவின் உடம்பு அசைந்தது. கட்டுப்போட்டிருந்த வலது தோள் மெல்ல உயர்ந்தது. இல்லாத கை தலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் அப்பாவின் முகம் வலியில் கோணியது. எனக்கு என்ன நடக்கிறது என்று விளங்குவதற்குள் அம்மா எட்டி அந்தத் துண்டை உருவி எடுத்துவிட்டாள்.

“கெடக்கட்டும், கெடக்கட்டும்” என்றார் முதலாளி. துண்டு இறங்கிய பிறகுதான் சொன்னார்.

அவர் போனதும் நான் அப்பாவிடம் குனிந்து கேட்டேன்.

“அன்னிக்கி மொதலாளி பெல்ட் ரூமுக்கு வந்தாராப்பா?”

“வந்தா என்னா? அவரு மில்லு.”

“நீங்க துண்ட எறக்குனீங்களா?”

“பின்ன, கட்டிக்கிட்டே நிக்கச் சொல்றியா?”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். விபத்தைப் பற்றி அதன் பிறகு வெகுகாலம் அவர் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்.

முதலாளியைக் கெட்டவர் என்று எழுதினால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். மருந்துச் செலவு அவருடையது. வீட்டுக்கு அரிசி வந்தது. தையல் ஆறியதும் அவரே சொல்லி அனுப்பினார்: “ஏழரை நடக்குது போலருக்கு. திருநள்ளாறு போயி ஒரு முழுக்குப் போட்டுட்டு வரச் சொல்லு.” ஒரு சனிக்கிழமை தன் காரையும் அனுப்பினார். குளத்தில் அம்மா அப்பாவின் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். ஒற்றைக் கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கும்போது நிலை தடுமாறியவரை நான் பிடித்துக்கொண்டேன். முழுகி எழுந்து, உடுத்தியிருந்த வேட்டியை வழக்கப்படி அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வழியெல்லாம் கார் ஓட்டுகிறவர் முதலாளியின் மனசைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. கை போனதற்குச் சனி பகவான் பொறுப்பு என்று முடிவாகிவிட்டால் மில்லுக்குப் பொறுப்பு எதுவும் மிச்சமிருக்காது.

அப்பாவைக் கேட்டில் காவலுக்கு உட்காரவைப்பதாகச் சொன்னார்கள். அறுப்பு முடியட்டும் என்றார்கள். முடிந்தது. முதலாளி வீட்டுக் கல்யாணம் ஆகட்டும் என்றார்கள். ஆயிற்று. அரிசி வருவதும் மெல்ல நின்றது. நான் பி.ஏ. முடித்து, நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொண்டிருந்தேன். நஷ்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று உண்டே என்று ஒருநாள் கணக்கப்பிள்ளையிடம் கேட்டதற்கு அவர் கையை விரித்தார்.

“இது பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரும்மா. அந்தச் சட்டமெல்லாம் அந்தாண்ட நாகப்பட்டினத்தோட சரி.”

தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடி போட்ட வயதான குமாஸ்தா ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “அவனுங்க இன்னும் பிரெஞ்சுக் கொடியத்தான் ஏத்திக்கிட்டு இருக்கானுங்களா? இங்கயும் அதே சட்டம்தான்.” அட்டை பிய்ந்த புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். “வீட்டுக்கெல்லாம் தரமாட்டேன். இங்கேயே உக்காந்து படி. ரெண்டு வருசத்துக்குள்ள மனு போட்டாவணும், அத மறந்துடாத. அதுக்குத்தான் இழுத்தடிக்கிறானுங்க.”

அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் சட்டத்தைப் படித்தேன். புரியாத சொற்களை எழுதிக்கொண்டு போய்க் கல்லூரி நூலகத்து அகராதியில் பார்த்துவிட்டு மறுபடி வருவேன். கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த உறுப்பு எந்த இடத்தில் போனால் ஒரு மனிதனின் உழைத்துப் பிழைக்கும் திறனில் நூற்றுக்கு எவ்வளவு போகும் என்ற கணக்கு. கட்டைவிரல், ஒரு கண், கால் முழங்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ். அப்பாவின் கை அதில் ஒரு வரியாக இருந்தது. எனக்கு அருவருப்போ கோபமோ வரவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்து யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் எங்குமே நேரம் என்றோ விதி என்றோ ஒரு சொல் இல்லை.

குமாஸ்தா வேறொரு பக்கத்தைத் திருப்பி விரல் வைத்தார்.

“இதப் படிச்சியா? பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவத் தொழிலாளி வேணும்னே மீறினான்னா மொதலாளி ஒண்ணும் தரவேண்டாம். இதத்தான் அவன் வக்கீலு புடிப்பான். செத்துப்போயிருந்தா இந்தப் பேச்சே எடுபடாது. ஒங்கப்பாவுக்குக் கைதானே போச்சு.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது.

அப்பா ரேகை வைக்க மறுத்தார். “உப்பத் தின்னுட்டு வழக்கு போடச் சொல்றா” என்று சுவரிடம் சொன்னார். அம்மாதான் பேசினாள்.

“உப்பு அவங்களுதுதான். ஒடம்பு யாருது? கேட்டுல நாக்காலி போடுறேன்னாங்களே, அந்த நாக்காலிய இன்னும் தச்சன் செஞ்சுக்கிட்டு இருக்கானா? வையி ரேகைய.”

வைத்தார். அதன் பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். கணக்கப்பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது இதனால்தான்.

நோட்டீஸ் கொடுத்த மறுநாளே அம்மாவுக்குக் களத்தில் வேலை இல்லை என்று ஆயிற்று. யாரும் போ என்று சொல்லவில்லை. அவளுக்குத் துடைப்பம் கொடுக்கவில்லை; நெல் கொட்டும்போது அவள் பக்கம் கொட்டவில்லை. சாயங்காலம் வரை களத்து ஓரத்தில் நின்றுவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து குரும்பகரம் பக்கம் நடவுக்குப் போக ஆரம்பித்தாள். பெல்ட் அறையில் அப்பாவோடு நின்றவரைச் சாட்சிக்குக் கூப்பிடப் போனேன். “நான் அன்னிக்கி அந்தப் பக்கம் தவிடு அள்ளிக்கிட்டு இருந்தேம்மா. பாக்கல” என்றார். அப்பாவின் கையைப் பெல்ட்டிலிருந்து விடுவித்தவர் அவர்தான்.

நோட்டீசுக்கு மில்லிலிருந்து பதில் வராததால், கெடு முடிவதற்குள் தொழிலாளர் துறையில் மனுப் போட்டேன். விசாரணைக்குப் புதுச்சேரியிலிருந்து அதிகாரி வந்தார். வக்கீல் இல்லையா என்று கேட்டார். இல்லை, நான்தான் பேசப்போகிறேன், அனுமதி கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சொல்லி, பிரிவின் எண்ணையும் சொன்னேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரி, பேசுங்க” என்றார். என் வாழ்க்கையில் ஓர் அதிகாரி என்னைப் ‘பேசுங்க’ என்றது அதுதான் முதல் தடவை. முதலாளி ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா துண்டு இல்லாமல் வந்திருந்தார். நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தோள் வெறுமையாக இருந்ததில் அவருக்கு நிலைகொள்ளவில்லை.

மில்லின் வக்கீல் மிக மரியாதையாகக் கேட்டார்.

“பெரியவரே, பெல்ட் ரூம் வாசல்ல ஒரு போர்டு இருக்கே, தெரியுங்களா?”

“தெரியுங்க.”

“ஒங்களுக்குப் படிக்கத் தெரியாதுல்ல?”

குமாஸ்தா முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்: படிக்கத் தெரியாது, அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படிச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் அவர் கேட்டிருக்கமாட்டார்.

கை போன பிறகு முதல் தடவையாக அப்பா நிமிர்ந்து நின்றதை அன்றைக்குப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியாதுங்க. எம் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. ரெண்டாவது படிக்கயில. ஒரு எழுத்துகூடத் தப்பலிங்க.” பிறகு அந்தப் பலகையில் இருந்த வரியை அப்படியே சொன்னார். ஓடும் இயந்திரத்தின் அருகே. தொங்கும் துணியுடன். நிற்கக் கூடாது. அந்த அறையில் இருந்த அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தார்.

“நல்லதுங்க பெரியவரே. அவ்வளவுதான்” என்று வக்கீல் உட்கார்ந்தார். அதிகாரியின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் எழுந்தேன்.

“அன்னிக்கிக் காலையில துண்டு எங்க இருந்துச்சு?”

“தலையில.”

“எப்படி?”

“இறுக்கிக் கட்டி.”

“அப்பறம் எப்படிக் கைக்கு வந்துச்சு?”

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். முதலாளி அவரைப் பார்க்கவில்லை; வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி, “சொல்லுங்க” என்றார்.

“என் நேரங்க” என்றார் அப்பா.

அந்த ‘ங்க’ என்னைப் பார்த்துச் சொன்னது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் ஒருத்தியாக நானும் அவருக்கு ஆகியிருந்தேன்.

முதலாளியின் முறை வந்தபோது என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“நீங்க மில்லுக்குள்ள வரும்போது, தொழிலாளிங்க யாராவது தலையில துண்டோட நிப்பாங்களா?”

வக்கீல் எழுந்து, சம்பந்தமில்லாத கேள்வி என்றார். முதலாளி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். அவருக்கு அது வக்கீல் பதில் சொல்லவேண்டிய கேள்வியாகத் தெரியவில்லை. வீட்டு மானம் பற்றிய கேள்வியாகத் தெரிந்தது.

“எங்க தாத்தா காலத்துலேருந்து, எங்க எதுக்க எவனும் தலையில துண்டோட நின்னது கெடையாது.”

“நின்னா?”

“நின்னா என்னா. மறுநாள் நிக்கமாட்டான்.”

“எழுதிட்டீங்களா சார்?” என்று அதிகாரியைக் கேட்டேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, “எழுதிட்டேன்” என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அப்பா எங்களுக்கு முன்னால் போனார். அம்மாவிடம் திரும்பி, “மொதலாளிய நிக்கவச்சுக் கேள்வி கேட்டுட்டா ஒம் பொண்ணு” என்றார்.

“ஒக்காந்துதான் இருந்தாரு. நின்னது நீங்க” என்றேன். அவர் காதில் விழுந்தது. திரும்பாமல் நடந்தார்.

தீர்ப்பு பல மாதங்கள் கழித்துத் தபாலில் வந்தது. ஆங்கிலம். வாசலிலேயே நின்று ஒருமுறை எனக்குள் படித்துக்கொண்டேன். மனு தள்ளுபடி. உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மழை நாட்களில் இல்லாத விரல்கள் வலிக்கும் அவருக்கு, அன்றைக்கும் மழை.

“என்னாதான் எழுதியிருக்கான், படி” என்றார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவர் என்னிடம் நேராக ஒன்று கேட்டு.

தமிழாக்கிப் படித்தேன். எச்சரிக்கைப் பலகையில் இருந்ததை அறிந்திருந்ததாகத் தொழிலாளியே ஒப்புக்கொண்டுள்ளார். அறிந்திருந்தும் வேண்டுமென்றே முதலாளியின் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை. முதலாளியைக் கண்டு துண்டை இறக்குவது மரியாதையின் பாற்பட்டது. அதைக் கட்டளை என்று கொள்வதற்கில்லை.

“நடுவுல ஒண்ணு சொன்னியே, அத இன்னொரு தடவ படி.”

படித்தேன்.

“யாரு கீழ்ப்படியல?”

“நீங்கப்பா.”

“நானா?”

எழுந்து உட்கார்ந்தார். ஒற்றைக் கையை ஊன்றி எழுவதற்கு அவருக்கு நேரம் பிடிக்கும். அன்றைக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது. பிறகு, யாரும் கேட்காமலே, சொன்னார்.

“பெல்ட்டு வழுக்குச்சு. தூள் போட்டுக்கிட்டு நின்னேன். மொதலாளி வாசல்ல வந்து நின்னாரு. கை தலைக்குப் போச்சு. பக்கத்துல பெல்ட்டு ஓடுதுன்னு அப்பவே எனக்குத் தெரியும். போர்டும் ஞாபகம் வந்துச்சு. தெரிஞ்சுதான் எறக்குனேன். என்ன போயி கீழ்ப்படியாதவன்னு எழுதிட்டானே.”

அம்மா, “இத அங்க சொல்லியிருந்தா என்னா?” என்றாள்.

“அங்க அவரு இருந்தாரே.”

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிய இடத்தில் அம்மா ஒரு சட்டியை நகர்த்தி வைத்தாள். நஷ்டஈடு கிடைக்காது என்பது அவரைத் தொடவே இல்லை என்று எனக்குப் பட்டது. ஆயுள் முழுக்கக் கீழ்ப்படிந்து, கடைசியில் அதற்குக் கையையும் கொடுத்த மனிதரைப் பார்த்து அரசாங்கம் முத்திரை போட்டுச் சொல்லிவிட்டது, நீ கீழ்ப்படியாதவன் என்று. சட்டத்தின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ, எங்கள் வீட்டில் அது ஒரு மனிதனின் மேல் வைக்கக்கூடிய மிகப் பெரிய பழி.

மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில். என்ன நடந்தது என்று அங்கே மறுபடி சொல்ல முடியாது. அப்பா எங்களிடம் சொன்னது எங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். சட்டத்தைப் பற்றிய கேள்வி ஒன்று இருந்தால் மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். கெடுவும் உண்டு. காரைக்காலில் ஒரு வயதான வக்கீலிடம் தீர்ப்பையும் வாக்குமூலங்களின் நகலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி சொன்ன இடத்தை அவர் இரண்டு தடவை படித்தார். ‘மறுநாள் நிற்கமாட்டான்.’

“இது ஒண்ணுதான் ஒனக்கு இருக்கு. வேலை போயிடும்னு மொதலாளியே ஒத்துக்குறாரு. வேலை போயிடும்னு பயந்து செய்யறது மரியாதையா, உத்தரவான்னு கேக்கலாம். ஜெயிக்கும்னு நான் சொல்லமாட்டேன்” என்றார்.

“கேக்கலாம்ல?”

“கேக்கலாம்.”

மனு எழுதி முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவைக் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அவர் மைப்பெட்டியைக் கேட்டார்.

“அதுல நான் கீழ்ப்படிஞ்சேன்னு இருக்கா?”

“இருக்குப்பா. ரெண்டு உத்தரவு இருந்துச்சு, ரெண்டுல ஒண்ணுக்குத்தான் கீழ்ப்படிய முடியும், நீங்க மொதலாளி உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சீங்கன்னு இருக்கு.”

இடது கட்டைவிரலை மையில் அழுத்தி, தானே காகிதத்தில் வைத்தார். நான் கையைப் பிடிக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அவருக்கு இதனால் நிம்மதி வந்துவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். இன்றைக்கும் வழியில் முதலாளியின் கார் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். துண்டை இடது கையால் எடுத்து, வைத்துக்கொள்ள இடம் தெரியாமல், அது கையிலேயே தொங்க நிற்கிறார். நான் கூட இருந்தால் அவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். நாலடி தள்ளி நிற்பதில்லை.

போன வாரம் சென்னைக்குப் பஸ் ஏறிப் போய், காரைக்கால் வக்கீல் எழுதிக் கொடுத்த முகவரியில் இருந்த சென்னை வக்கீலோடு உயர் நீதிமன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்துவிட்டு வந்தேன். அதன் நகல் ஒன்றை நேற்று மில்லுக்குக் கொண்டுபோய்க் கணக்கப்பிள்ளையின் மேசை மேல் வைத்தேன். அவர் அதை எடுத்து முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடைக்கல்லுக்கு அடியில் வைத்தார். படித்துக் காட்டச் சொல்லவில்லை.